பதினேழாம் நம்பர் வெயில்

என் பெயர் தென்றல். பெயரை நம்பி, இந்தப் பெண் சாந்தமானவள் என்று நினைத்து வந்தவர்கள் ஜெயங்கொண்டத்தில் நிறையப் பேர். எங்கள் ஃபிளெக்ஸ் கடையில் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்த ரோஜாவை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்லி மூன்றாம் முறை கேட்கும்போது அவர்களுக்கே விஷயம் புரிந்துவிடும்.

ஆறு வருஷமாக அந்தக் கடையில் நான்தான் டிசைனர். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, கபடிப் போட்டி, கட்சிக் கூட்டம் எல்லாம் என் கையைத் தாண்டித்தான் போகும். வாழ்த்துகிறவர்களின் முகம் முப்பதுக்குக் குறையக் கூடாது. தாய்மாமன் முகம் சித்தப்பா முகத்தைவிட அரை அங்குலம் சிறுத்துப்போனதால் பந்தியில் யாரும் உட்காராமல் எழுந்துபோன கதையெல்லாம் எனக்குத் தெரியும், ஏனென்றால் அதைச் சிறுக்க வைத்தது நான். பேனரில் ஓர் உள்ளங்கை அளவு காலி இடம் இருந்தாலும் கஸ்டமருக்குப் பொறுக்காது. அங்கே ஒரு புறாவையாவது பறக்கவிட வேண்டும்.

இதிலெல்லாம் எனக்குக் கோபம் கிடையாது. கோபம் வேறு ஒன்றில். நான் செய்கிற எதுவும் மூன்று நாளைத் தாண்டாது. விசேஷம் முடிந்த கையோடு பேனரை அவிழ்த்து ஆட்டுக் கொட்டகை மேல் போட்டுவிடுவார்கள். தா.பழூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தால் என் ஆறு வருஷ உழைப்பையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகலாம். வைக்கோல் போரின் மேல் ஒரு மணப்பெண், கோழிக் கூண்டைச் சுற்றி ஓர் ஒன்றியச் செயலாளர், உளுந்துக்கு அடியில் ஒரு கண்ணீர் அஞ்சலி. போன வருஷம் அப்படிப் போகும்போது, நான் இரண்டு நாள் கண் வலிக்க உட்கார்ந்து செய்த ஒரு பேனரின் மேல் கன்றுக்குட்டி ஒன்று சாவகாசமாகச் சாணி போட்டுக்கொண்டிருந்தது. நான் போட்டது ஒன்று, ஒரே ஒன்று, எங்கேயாவது நிலைத்து நிற்க வேண்டும் என்று அந்த பஸ்ஸிலேயே ஆசைப்பட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் கோகுலகிருஷ்ணன் வந்து சேர்ந்தான். பெரம்பலூர் பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவன். ஊர், உடையார்பாளையம் பக்கம் இலுப்பைமேடு. இரண்டு வருஷம் ஒரு சிமெண்ட் ஆலையில் ஷிப்டு பார்த்துவிட்டு, தும்மினால்கூடச் சாம்பல் வருகிறது என்று வேலையை விட்டவன். டி-ஷர்ட் பிராண்டு ஆரம்பிக்கப் போகிறானாம். தோள் முழங்கை வரைக்கும் இறங்கி, தொளதொளவென்று தொங்குகிற ஸ்ட்ரீட்வேர். திருப்பூரில் துணி தைத்துக்கொண்டிருக்கிறார்கள், பெரம்பலூரில் ஒரு செல்போன் கடையில் பாதி இடம் பேசியாகிவிட்டது. பாக்கி இருப்பது பெயர், லோகோ, கழுத்து டேக், பை, அட்டை, எல்லாவற்றுக்கும் ஒரே முகம். அதற்கு என்னைவிட்டால் ஆள் கிடையாது என்றான். தெரிந்த டிசைனர் நான் ஒருத்திதான் என்பது அதற்கு அர்த்தம்.

பெயர் வைக்க நாங்கள் பெரிதாகக் கஷ்டப்படவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் அம்மா போன் செய்து, வேகாத வெயிலில் எங்கே சுற்றிக்கொண்டிருக்கிறாய் என்று கத்தினார். ஸ்பீக்கரில் இல்லாமலே எனக்குக் கேட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தெருச் சுற்றுகிற பையன்களுக்கான சட்டைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இருக்க முடியாது. "வேகாத வெயில்" என்று அப்போதே முடிவு செய்துவிட்டோம்.

லோகோவில்தான் தகராறு. கோகுல் ஒரு பட்டியலோடு வந்திருந்தான். முதலில் புலி. புலி ஏற்கெனவே போர்வெல் லாரியில் இருக்கிறது, டுடோரியலில் இருக்கிறது, பரோட்டாக் கடையில் இருக்கிறது, இனி அதற்குச் சட்டை வேறு மாட்ட வேண்டுமா என்று கேட்டேன். அடுத்து கங்கைகொண்ட சோழபுரத்துக் கோபுரம். அதை அரிசி மூட்டையில் பார்த்துப் பார்த்துச் சலித்தாயிற்று. கடைசியாக டைனோசர். நம் மண்ணில் அதன் முட்டையே கிடைத்திருக்கிறது என்று பெருமையாகச் சொன்னான். அதனால் அது நம் சட்டை போட வேண்டிய அவசியம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

எனக்கு அந்தக் குறி கிடைத்தது ஜெயங்கொண்டம் நாலு ரோட்டில். சித்திரை மாதம், மணி பன்னிரண்டு. பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த ஒருவரின் நிழல் அவர் செருப்பைவிட்டு வெளியே வரப் பயந்து அங்கேயே கிடந்தது. கடைக்கு ஓடிவந்து வரைந்தேன். மேலே ஒரு புள்ளி, அதற்கு நேர் கீழே ஒரு நிமிர்ந்த கோடு, கோட்டின் காலடியில் குட்டையாக ஒரு படுக்கைக் கோடு. தலைக்கு மேல் சூரியன், நிற்கிற ஆள், அவன் நிழல். மூன்றும் சிவப்பு. சுற்றிலும் வெறும் காலி இடம், ரோஜாவும் இல்லை, புறாவும் இல்லை. அந்தக் காலி இடத்தைப் பார்த்தபோது ஆறு வருஷத்தில் முதல்முறையாக மூச்சு விட்ட மாதிரி இருந்தது.

அதற்கு விதிமுறை வேறு எழுதினேன். படுக்கைக் கோடு நிமிர்ந்த கோட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. புள்ளி கோட்டைத் தொடக் கூடாது. இதையெல்லாம் இரண்டு பக்கத்துக்கு அச்சடித்துக் கொடுத்தபோது கோகுல் அதைப் பரீட்சைத் தாள் மாதிரி வாங்கிக்கொண்டான்.

கோகுலின் சித்தப்பா சாமிதுரை அன்றைக்கு உடன் வந்திருந்தார். இலுப்பைமேட்டில் உரக்கடை வைத்திருப்பவர். கடை பெயருக்குத்தான், தொழில் போராட்டம். பஸ் நிற்கவில்லை, தண்ணீர் வரவில்லை, டிரான்ஸ்பார்மர் வெடித்தது என்று வருஷத்துக்கு நாலு தடவையாவது ரோட்டில் உட்காராவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. தன் கடையின் பின்னறையைச் சட்டை அடுக்கக் கொடுத்திருந்ததால் லோகோவிலும் அவருக்கு அபிப்பிராயம் இருந்தது. தாளைத் திருப்பி முதுகுப் பக்கத்தையும் பார்த்தார்.

"போட்டோ எங்க பாப்பா?" என்றார்.

லோகோவில் போட்டோ வராது என்று சொன்னேன். யார் மூஞ்சியும் இல்லாமல் ஜனங்களுக்கு எப்படித் தெரியும் என்றார். ஓரத்திலாவது ஒரு ரவுண்டில் தன்னைப் போட்டால் கோகுலுக்கு ஒரு பலமாக இருக்குமே என்று அவருக்கு வருத்தம். சட்டையைப் போடுகிறவனுக்குச் சொந்தமாக ஒரு மூஞ்சி இருக்கும், அது போதும் என்றேன். கடைசிவரை அவர் அதை ஏற்கவில்லை.

விளம்பர யோசனை கோகுலுடையது. சட்டை வருவதற்குப் பத்து நாள் முன்னால், ஊர்ச் சுவர்களில் அந்தக் குறியை ஸ்டென்சில் வைத்து அடித்து, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒன்று முதல் நாற்பது வரை நம்பர் போடுவது. நாற்பதையும் தேடிப் படம் எடுத்து அனுப்புகிறவருக்கு ஒரு சட்டை இலவசம். போட்டியைச் சில நாள் கழித்து அறிவிக்கலாம், அதுவரை இது என்னவென்று ஜனங்கள் யோசிக்கட்டும், வெளிநாட்டில் எல்லாம் இப்படித்தான் செய்கிறார்களாம். நான் பழைய சன்போர்டு அட்டையில் அளவு பிசகாமல் ஸ்டென்சில் வெட்டினேன். ஒரு வியாழக்கிழமை, பேருக்கு ஏற்ற மாதிரி உச்சிப்பொழுதிலேயே இலுப்பைமேட்டுப் பள்ளிக்கூடத் தெருவுக்குப் போனோம். கத்திரி வெயிலில் நாய்கூட வெளியே இல்லை, ஜனங்கள் எல்லாம் ஃபேனுக்கு அடியில் படுத்திருந்தார்கள். ஒன்றரை மணி நேரத்தில் நாற்பது சுவரும் முடிந்தது. யாரிடமும் கேட்கவில்லை. நம் ஊர்தானே என்றான் கோகுல்.

அரியலூர் பக்கத்தில் சுவரில் சிவப்புப் பெயிண்டில் ஒரு குறியும் அதன் கீழே நம்பரும் விழுந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ரோட்டை அகலப்படுத்த வந்தபோது அப்படித்தான் போட்டார்கள். சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு அளந்தபோது கல்லிலும் மரத்திலும் அப்படித்தான் போட்டார்கள். குறி விழுந்த இடம் கொஞ்ச நாளில் இடம் மாறும் அல்லது இல்லாமல் போகும். இது எனக்கும் தெரியும், கோகுலுக்கும் தெரியும், எங்கள் இரண்டு பேர் வீட்டு மாட்டுக்கும் தெரியும். அன்றைக்கு ஏன் உறைக்கவில்லை என்று கேட்டால் என்னிடம் நேர்மையான பதில் ஒன்றுதான் இருக்கிறது. நான் நிழலின் நீளத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் தெருவே வெளியில் நின்றதாம். பள்ளிக்கூடத்துக்கு எதிரில் இட்லி சுட்டு விற்கிற கலியம்மாள் தண்ணீர் தெளிக்க வந்து, தன் சுவரில் பதினேழு என்று இருப்பதைப் பார்த்து, பதினாறைப் பார்த்து, பதினெட்டைப் பார்த்து, தெளிக்கிற சொம்போடு தெருக்கோடி வரை போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். எட்டு மணிக்கு சாமிதுரை கடையைப் பூட்டிவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார். ஒன்பது மணிக்கு "இலுப்பைமேடு வீடு மீட்புக் குழு" உருவாகி, அவரே அதற்குத் தலைவராகிவிட்டார்.

கோகுல் அப்போது திருப்பூரில் இருந்தான். போனில் விஷயத்தைச் சொன்னேன். உடனே எல்லோரிடமும் சொல்லிவிடுவோம் என்றேன். சொன்னால் சித்தப்பா தன் காலை உடைத்துவிடுவார், அதுவும் குழு ஆரம்பித்த பிறகு இரண்டு காலையும் உடைப்பார் என்றான். பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, இந்தக் குறி இனி ஆகாது, துணி பிரிண்டுக்குப் போவதற்குள் வேறு போட்டுவிடலாம், புலியே போட்டுவிடலாம் என்றான். எனக்கு வந்த கோபத்தில் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தேன். ஒரே ஒன்று நிலைத்து நிற்க வேண்டும் என்று கேட்டேன், அது பேனர் அளவுக்குக்கூட நிற்கப் போவதில்லை.

சனிக்கிழமை சாமிதுரை எங்கள் கடைக்கே வந்தார். திங்கட்கிழமை அரியலூரில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்புக் கூட்டத்துக்கு எல்லோரும் மனு கொடுக்கப் போகிறார்களாம், பெரிய பேனர் வேண்டுமாம். அந்தச் சிவப்புக் குறி நடுவில் பெரிதாக, பார்த்தாலே வயிறு எரிகிற மாதிரி இருக்க வேண்டும் என்றார். லோகோவை முன்பு தாளில் பார்த்தவர்தான், போட்டோ இல்லை என்ற வருத்தத்தில் அதை மனதிலேயே ஏற்றிக்கொள்ளவில்லை போலிருக்கிறது. அல்லது, ஒரு சட்டைக்காக யாராவது நாற்பது சுவரைக் கெடுப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை. நல்ல படமாக எடுக்க என்னை வண்டியில் ஊருக்கே வரச் சொல்லிவிட்டார்.

போனேன். கலியம்மாள் கடையில் நாலு இட்லியும் சாப்பிட்டேன், ஏனென்றால் குற்ற உணர்ச்சியில் எனக்குப் பசி எடுக்கும். அவர் சட்னி ஊற்றும்போது என் கையையே பார்த்தார். பிறகு இன்னொரு கரண்டி ஊற்றினார்.

அந்தப் பேனரை நான் பிரமாதமாகச் செய்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும். நடுவில் என் குறி, ஆறடி உயரம், சுத்தமான காலி இடத்தில். வலது பக்கம் கை கூப்பிய சாமிதுரை. கடைசியில் அந்த மனிதர் ஆசைப்பட்டபடி லோகோவுக்குப் பக்கத்தில் அவர் போட்டோ வந்துவிட்டது. திங்கட்கிழமை மனுவை வாங்கிய அதிகாரி, அப்படி ஒரு திட்டமே கிடையாது என்று தெளிவாகச் சொன்னாராம். இல்லை என்று இவ்வளவு தெளிவாகச் சொன்னால் பெரிய திட்டமாகத்தான் இருக்கும் என்று சாமிதுரை வாசலில் நின்று பேட்டி கொடுத்தார். மறுநாள் பேப்பரில் அவரும் வந்தார், என் குறியும் வந்தது. என் டிசைன் பேப்பரில் வந்தது அதுதான் முதல் தடவை, அதை யாரிடமும் காட்ட முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஊரில் காற்று திசை மாறியது. ரோட்டுக்கு இடம் கொடுத்தவர்கள் நஷ்டஈட்டில் மாடி கட்டிய கதையை யாரோ டீக்கடையில் எடுத்துவிட்டிருக்கிறார்கள். அதுவரை பள்ளிக்கூடத் தெருக்காரர்களைப் பார்த்து உச்சுக்கொட்டிக்கொண்டிருந்த குளத்துத் தெருக்காரர்கள், நம் தெருவை மட்டும் ஏன் விட்டான் என்று கேட்க ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடத் தெருவில் பாதிப் பேர் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் குழுக் கூட்டத்துக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

புதன்கிழமை நான் போராட்டப் பேனரில் கயிறு கோக்கிற கண்ணி கிழிந்ததைத் தைக்க ஊருக்குப் போனேன். ஸ்கூட்டியைக் குளத்துத் தெரு வழியாக விட்டேன். முதல் வீட்டுச் சுவரில் நாற்பத்தொன்று. அடுத்து நாற்பத்திரண்டு. அப்படியே ஐம்பது வரைக்கும் போயிருந்தது. நாங்கள் போடவில்லை. அவர்களே பிரஷ்ஷை வைத்து, கைக்கு வந்த சிவப்பில் வரைந்திருந்தார்கள்.

டூப்ளிகேட். என் குறிக்கு டூப்ளிகேட் வந்துவிட்டது. எந்தக் கம்பெனி முதலாளிக்கும் இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் நாற்பத்தேழாம் நம்பரைப் பார்த்ததும் எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. புள்ளி கோட்டில் முட்டிக்கொண்டு நின்றது. கீழே நிழல் சுவரின் பாதி வரைக்கும் ஓடியது. இவ்வளவு நீள நிழல் எங்கே விழும், இது நாலு மணி வெயில் இல்லையா என்று அந்தச் சுவரிடமே கேட்டேன். தெருவில் ஆள் இல்லை, மணி பன்னிரண்டரை. ஸ்கூட்டிப் பெட்டியில் ஸ்டென்சில் இருந்தது, ஸ்பிரே டப்பா இருந்தது, பேனர் கட்டப் போகும்போது கையோடு வைத்திருக்கிற வெள்ளை பெயிண்டும் இருந்தது. புத்தி மட்டும் பெட்டியில் இல்லை. நிழலை வெள்ளை அடித்துக் குறைத்து, புள்ளியைத் தூக்கி வைத்து, நாற்பத்தேழைச் சரியாக அடித்து முடித்துவிட்டுத் திரும்பினால், பின்னால் ஒரு பெண் சொம்போடு நிற்கிறார்.

அந்த வீட்டு இருசம்மாள். ஐம்பது வயதிருக்கும். முகத்தில் கோபம் இல்லை, பெரிய மரியாதை இருந்தது.

"ஆபீசு மேடங்களா? நாங்க போட்டது கோணலா இருக்குன்னு எங்களுக்கே தெரியும். நீங்களே வந்து திருத்திப் போட்டுட்டீங்க. மோரு குடிங்க."

வாங்கிக் குடித்தேன். வேறு என்ன செய்வது. குடித்துக்கொண்டே, வண்டிச் சாவி எந்தப் பையில் இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஓடியே போயிருப்பேன். அதற்குள் அவர், எப்படியும் இடிக்கத்தான் போகிறார்கள், மாட்டுக் கொட்டகையை இப்போதே பிரித்துவிட்டால் ஓடாவது மிஞ்சும், மருமகனை மதியம் வரச் சொல்லியிருக்கிறேன் என்றார். கொட்டகைக்குள்ளிருந்து ஒரு பசு என்னையே பார்த்தது. மோர்ச் சொம்பைக் கீழே வைத்தேன்.

"அக்கா, கொட்டகையப் பிரிக்காதீங்க. நான் ஆபீசு இல்ல. இது சட்டையில போடுற அடையாளம். நான் வரஞ்சது. அந்தத் தெருவுல நாப்பதும் நாங்கதான் போட்டோம்."

"சட்டைக்கா?" என்றார் இருசம்மாள். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தார். குளத்துத் தெருவையும் அடுத்த மனுவில் சேர்க்க நம்பர் எண்ணிக்கொண்டு வந்த சாமிதுரை அங்கே நின்றுகொண்டிருந்தார்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. என் கையில் இருந்த ஸ்டென்சிலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு இருசம்மாள் வீட்டுக் கல்லில் மெதுவாக உட்கார்ந்துவிட்டார். பேப்பரில் வந்த செய்தியை வெட்டி மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார் போல, கை அங்கே போய்த் தொட்டுப் பார்த்துக்கொண்டது. அந்த மனிதரைப் பார்க்க எனக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது. ஊருக்காக உட்கார்ந்த எல்லா ரோட்டிலும் அவர் உண்மையாகத்தான் உட்கார்ந்திருக்கிறார்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?" என்றார் கடைசியில்.

கோகுல், நான், இப்போது நீங்கள் இரண்டு பேர் என்றேன். இருசம்மாள், தானே சுவரில் வரைந்ததை வெளியில் சொல்லிக்கொண்டு திரிய முடியாது என்று முந்திக்கொண்டு சொன்னார். சாமிதுரை முகத்தைத் துடைத்துக்கொண்டார். எழுந்தபோது பழைய தலைவராகிவிட்டிருந்தார். போராட்டம் வென்றுவிட்டது, திட்டம் கைவிடப்பட்டது, ஞாயிற்றுக்கிழமை குறிகளை எல்லாம் அழிக்கிறோம், அழிக்கப் போவது நீயும் அவனும் என்றார். அன்று சாயங்காலமே கூட்டம் போட்டு அறிவித்துவிட்டார். வெற்றிப் பேனரும் என்னிடம்தான் வந்தது. குறியை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அது இல்லாவிட்டால் எதை ஜெயித்தோம் என்று எப்படித் தெரியும் என்று வைத்துக்கொண்டார், குறுக்கே மட்டும் ஒரு கோடு.

ஞாயிற்றுக்கிழமை காலை கோகுல் சுண்ணாம்பு வாளியோடு வந்தான். கண்ணைப் பார்க்காமல், பிரிண்டருக்குப் புலியை அனுப்பியாகிவிட்டது, நாளைக்கு அடிக்கப் போகிறார்கள் என்றான். ரோலரை நனைத்து ஒன்றாம் நம்பரை அழித்தேன். சூரியன் போயிற்று, ஆள் போனான், நிழல் போயிற்று. சன்போர்டில் வெட்டும்போது என் விரலில் பட்ட காயம்கூட இன்னும் ஆறியிருக்கவில்லை. எட்டு, ஒன்பது, பத்து என்று அழித்துக்கொண்டே வந்தேன். பன்னிரண்டாம் வீட்டுக்கு வந்த கூரியர்க்காரர் மட்டும் வண்டியை நிறுத்தி, இந்த ஊரில் பழைய கதவு எண் ஒன்று, புதிய கதவு எண் ஒன்று, இரண்டுமே யாருக்கும் தெரியாது, பத்து நாளாக இதை வைத்துத்தான் வீடு கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன், அதையும் அழிக்கிறீர்களா என்று அலுத்துக்கொண்டு போனார்.

பதினேழுக்கு வந்தோம். கலியம்மாள் இட்லிக் கரண்டியோடு சுவருக்கு முன்னால் நின்றார்.

"இத அழிக்காத," என்றார்.

தலைவர் சொல்லியிருக்கிறார் அக்கா என்றான் கோகுல்.

"அவரு சொல்லுவாரு. பதினஞ்சு வருசமா இட்லி விக்கிறன், எங்கடைக்கு ஒரு பேரு கெடையாது. பள்ளிக்கூடத்துக்கு எதுத்தாப்புல, புளியமரத்துக்குப் பக்கத்துலன்னுதான் சொல்லுவாங்க. இந்தப் பத்து நாளா பதினேழாம் நம்பர் கடைன்னு கேட்டு வராங்க. ஜெயங்கொண்டத்துலேருந்து ரெண்டு பேரு வந்தாங்க. யாரு போட்டா என்ன, எதுக்குப் போட்டா என்ன. எனக்குப் பேரு இதான்."

பிறகு என் பக்கம் திரும்பி, குரலைக் குறைத்துச் சொன்னார்.

"அன்னிக்கு இட்லி திங்கும்போதே உன் நகத்துல செவப்பப் பாத்தன் புள்ள. நல்லாத்தான் போட்டுருக்க."

ஆறு வருஷத்தில் ஆயிரம் பேனர் செய்திருப்பேன். பூ பெரிதாக இருக்கிறது, முகம் சிறிதாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறேனே தவிர, நன்றாகப் போட்டிருக்கிறாய் என்று யாரும் சொன்னதில்லை. ரோலரைக் கீழே வைத்தேன். கண் கலங்கிய பழியைச் சுண்ணாம்பின் மேல் போட்டேன். பதினெட்டாம் வீட்டுக்காரர் அங்கிருந்தே, எங்களுடையதும் இருக்கட்டும், சிலிண்டர்காரன் வழி கேட்காமல் வருகிறான் என்றார். அதற்குப் பிறகு ஒருவரும் அழிக்க விடவில்லை. பதினொன்றாம் வீட்டம்மா, எங்களுடையதை மட்டும் அழித்துவிட்டீர்களே என்று சண்டைக்கே வந்துவிட்டார். மதியத்துக்குள் ஒன்று முதல் பதினாறு வரை நான் மறுபடி அடித்துக் கொடுத்தேன், இந்த முறை கேட்டுக்கொண்டு. சாமிதுரை வந்து பார்த்துவிட்டு, வெற்றிச் சின்னம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று போய்விட்டார்.

கோகுல் பதினேழாம் நம்பருக்கு முன்னால் வாளியைக் கீழே வைத்தான். பிறகு திருப்பூருக்குப் போன் போட்டு, புலியை நிறுத்தச் சொன்னான். அந்தப் பக்கம் என்ன காரணம் என்று கேட்டார்கள் போலிருக்கிறது. புலிக்கு இந்த வெயில் ஒத்துக்கொள்ளாது என்றான்.

சட்டை வந்தது, பெரம்பலூரில் போகிறது. எல்லாவற்றையும்விட வேகமாகப் போவது பின்பக்கம் நம்பர் போட்டது. இலுப்பைமேட்டுப் பையன்கள் அவரவர் வீட்டு நம்பரைக் கேட்டு வாங்குகிறார்கள். குளத்துத் தெருவுக்கும் முறையாக நாற்பத்தொன்றிலிருந்து அடித்துக் கொடுத்துவிட்டேன். இருசம்மாளின் மாட்டுக் கொட்டகை அப்படியே இருக்கிறது, அதன் மேல் என்னுடைய பழைய கண்ணீர் அஞ்சலி ஒன்று கிடக்கிறது.

பொங்கல் கழிந்து ஒரு நாள் கலியம்மாள் கடைக்குப் போனேன். பொங்கலுக்குச் சுவர் முழுக்க வெள்ளை அடித்திருந்தார். என் குறி அதோடு போயிருந்தது. அதே இடத்தில், கைப்பட, பிரஷ்ஷால் புதிதாக வரைந்திருந்தார். புள்ளி கோட்டை முட்டிக்கொண்டு நின்றது. நிழல் பெஞ்சு வரைக்கும் ஓடியது. அசல் நாலு மணி வெயில். கீழே பதினேழு என்று மட்டும் அழுத்தமாக, இரண்டு முறை தீட்டியிருந்தார்.

"சரியா வந்துருக்கா?" என்று கேட்டார், கரண்டியைத் துடைத்துக்கொண்டே.

ஸ்டென்சில் ஸ்கூட்டிப் பெட்டியில்தான் இருந்தது. ஸ்பிரேயும் இருந்தது. சரியாக வந்திருக்கிறது அக்கா என்று சொல்லிவிட்டு, அந்த நீள நிழலுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து இன்னும் இரண்டு இட்லி கேட்டேன்.